மழைக் காளான்: தெரிந்த ஒன்றை எடுங்கள், மற்றதை விட்டுவிடுங்கள்

இடிமழை பெய்த மூன்றாம் நாள் காலையில் பல கிராமங்களில் பெண்களும் பிள்ளைகளும் தூக்குவாளியோடு கரட்டுப் பக்கம் போவதைப் பார்க்கலாம். பூமி ஈரமாகி, வெயில் லேசாக அடித்தால் புற்றுக்காளான் முளைத்துவிடும். வருடத்தில் சில நாட்கள் மட்டுமே கிடைக்கும் ருசி அது. கறி எடுக்க வசதியில்லாத வீட்டிலும் அன்றைக்குக் கறிக்குழம்பு மணம் வரும்.

அதே நாட்களில்தான் என் கைப்பேசிக்கும் வேலை அதிகம். “சார், இந்தக் காளானைச் சாப்பிடலாமுங்களா?” என்று கேட்டுப் படம் அனுப்புவார்கள். துண்டில் முடிந்து அலுவலகத்துக்கே கொண்டு வருபவர்களும் உண்டு. பெரும்பாலும் தண்டை நடுவில் ஒடித்து, குடையை மட்டும் கொண்டு வருவார்கள். அப்படி வந்ததைப் பார்த்து, “சாப்பிடலாம்” என்று சொல்ல யாராலும் முடியாது. ஏன் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் விளக்கப் போகிறேன்.

நம்மில் பலர், நல்ல காளானையும் நச்சுக் காளானையும் பிரித்துக் காட்ட ஏதோ ஒரு பொதுச் சோதனை இருப்பதாக நம்புகிறோம். அப்படி ஒரு சோதனை கிடையாது. உண்ணும் காளானுக்கென்று தனி நிறமோ, மணமோ, சுவையோ இல்லை. ஒவ்வொரு வகையையும் தனித்தனியாக, அடி முதல் நுனி வரை தெரிந்து வைத்திருப்பதுதான் ஒரே வழி.

உயிரை வாங்கும் நம்பிக்கைகள்

கிராமங்களில் நான் அடிக்கடி கேட்கும் சோதனைகள் இவை.

வெள்ளிக்காசைப் போட்டு வேகவைத்தால், நச்சு இருந்தால் காசு கறுக்கும் என்பார்கள். வெள்ளி கறுப்பது கந்தகத்தால். காளான் நஞ்சுக்கும் அதற்கும் தொடர்பில்லை. பூண்டு, வெங்காயம், அரிசி நிறம் மாறும் என்பதும் இதே கதைதான்.

பூச்சி அரித்த காளான் நல்லது என்பார்கள். மனிதனைக் கொல்லும் காளானை நத்தையும் புழுவும் தின்றுவிட்டு நன்றாகவே இருக்கும். அவற்றின் உடம்பு வேறு, நம் உடம்பு வேறு.

வெள்ளையாக இருந்தால் நல்லது, பளிச்சென்ற நிறம் இருந்தால் விஷம் என்பார்கள். உலகிலேயே மிகக் கொடிய காளான்களில் சில சுத்த வெள்ளை நிறம். அவற்றின் மணமும் ருசியும் நன்றாகவே இருந்ததாகப் பிழைத்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

குடையின் தோல் உரிந்தால் சாப்பிடலாம் என்பார்கள். கொடிய வகைகளிலும் தோல் உரியும்.

புளி, மஞ்சள் சேர்த்து நன்றாகக் கொதிக்கவைத்தால் விஷம் முறிந்துவிடும் என்பதுதான் இவை எல்லாவற்றிலும் ஆபத்தான நம்பிக்கை. கல்லீரலை அழிக்கும் அமடாக்சின் என்ற நஞ்சு கொதிக்கவைத்தாலும், வறுத்தாலும், வெயிலில் காயவைத்தாலும் அழியாது.

பாட்டிமார் எப்படிப் பிழைத்தார்கள்?

“எங்க பாட்டி காலத்திலிருந்து சாப்பிடறோமே, அவங்களுக்கு எந்த ஆபீசர் சொல்லிக் கொடுத்தார்?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி.

அந்தியூர் பக்கம் மலையடிவாரக் கிராமம் ஒன்றில், ஐம்பது வருடத்துக்கு மேல் காளான் எடுத்து வரும் ஒரு மூதாட்டியிடம் இதைக் கேட்டேன். “எனக்குப் புத்துக்காளான் ஒண்ணுதானுங்க தெரியும். எந்தப் புத்துல எப்ப வரும்னு தெரியும். தோண்டி வேரைப் பாத்துட்டுத்தான் எடுப்பேன். மத்ததெல்லாம் பாக்கறதோட சரிங்க, தொடறதில்லை” என்றார்.

அவர் வெள்ளிக்காசு போட்டுப் பார்க்கவில்லை. ஒரே ஒரு வகையை, தன் ஊர் மண்ணில், அடியோடு அறிந்து வைத்திருந்தார். நம் முன்னோரின் அறிவு என்பது அதுதான். இன்று தோண்டும் பழக்கம் போய்விட்டது. புற்று எது என்று பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. மிஞ்சியிருப்பது வெள்ளிக்காசுக் கதை மட்டும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. அந்த அறிவு அந்த ஊருக்கு மட்டுமே செல்லும். நம் வைக்கோல் காளான் ஆசிய நாடுகள் பலவற்றில் விரும்பி உண்ணப்படுவது. 2011 இறுதியில் ஆஸ்திரேலியாவின் கான்பெர்ரா நகரில், சீனாவிலிருந்து வந்திருந்த சமையற்காரர் ஒருவர் அங்கே முளைத்திருந்த காளானை வைக்கோல் காளான் என்று நினைத்துச் சமைத்தார். அது ‘மரணத் தொப்பி’ எனப்படும் அமானிட்டா வகை. அவரும் உடன் வேலை செய்த ஒருவரும் இறந்துபோனார்கள். சமையலே தொழிலாக இருந்தவருக்கே இந்தக் கதி. எஸ்டேட் வேலைக்காகக் கேரளாவுக்கும் குடகுக்கும் போகும் நம் மக்களும், வட மாநிலங்களிலிருந்து நம் தோட்டங்களுக்கு வேலைக்கு வருபவர்களும் இதை மனதில் வைக்க வேண்டும். சொந்த ஊர்க் காளானைப் போலவே இருப்பது வேறு ஊரில் வேறொன்றாக இருக்கலாம்.

புற்றுக்காளானை அறிவது எப்படி?

நம் மாநிலத்தில் அதிகம் எடுக்கப்படும் காட்டுக்காளான் இதுதான். கறையானும் இந்தக் காளானும் சேர்ந்து வாழ்கின்றன. கறையான்கள் காய்ந்த இலை, குச்சி, மரத்தூளைத் தின்று, புற்றுக்குள் தேன்கூடு போன்ற ஓர் அடை கட்டும். அந்த அடையில் காளான் இழைகள் வளரும். அவை மக்கவைத்துத் தருவதைக் கறையான் உண்ணும். நம்மைப் போலவே கறையானும் ஒரு விவசாயி என்று சொல்லலாம். நல்ல மழை பெய்து மண் இளகியதும், அந்த அடையிலிருந்து காளான் மண்ணைத் துளைத்துக்கொண்டு மேலே வரும்.

அதனால் இதற்குச் சில தெளிவான அடையாளங்கள் உண்டு.

1. வேர் போன்ற நீண்ட அடித்தண்டு. மண்ணுக்கு மேலே தெரியும் தண்டைவிட, உள்ளே போகும் பகுதி பல நேரம் நீளமாக இருக்கும். அது மெலிந்துகொண்டே போய்க் கறையான் அடையில் முடியும். தோண்டினால் கறையானையும் அடையையும் கண்ணால் பார்க்கலாம்.

2. குடையின் நடுவில் கூர்மையான, கெட்டியான முனை. மண்ணைத் துளைத்து வர உதவுவது இதுதான். குடை விரிந்த பிறகும் நடுவில் குமிழாகத் தெரியும்.

3. அடிப்பக்க மடிப்புகள் தொடக்கத்தில் வெள்ளை. முதிரும்போது லேசான இளஞ்சிவப்பு படியும். தண்டோடு ஒட்டாமல் இருக்கும்.

4. வித்துத்தூள் இளஞ்சிவப்பு கலந்த நிறம். இதைப் பார்க்கும் முறையைக் கீழே சொல்லியிருக்கிறேன்.

5. தண்டின் அடியில் கிண்ணம் போன்ற உறை இருக்காது.

இந்த ஐந்தும் சேர்ந்து இருந்தால்தான் புற்றுக்காளான். நான்கு இருக்கிறது, ஒன்று சந்தேகம் என்றால் விட்டுவிடுங்கள். புற்றின் பக்கத்தில் முளைத்ததாலேயே ஒன்று புற்றுக்காளான் ஆகிவிடாது. புற்றோரத்துப் புல்லிலும் சாணத்திலும் வேறு காளான்கள் முளைக்கும். இளஞ்சிவப்புத் தூள் விழுந்ததாலேயே நல்லது என்றும் சொல்ல முடியாது. அதே நிறத் தூள் கொண்ட நச்சுக்காளான்களும் உண்டு. ஆனால், அவற்றுக்குக் கறையான் அடை வரை போகும் அந்த நீண்ட வேர் இருக்காது.

சுண்டுவிரல் நகமளவு குடையோடு நூற்றுக்கணக்கில் கூட்டமாக முளைக்கும் சிறு வகையைச் சில ஊர்களில் அரிசிக்காளான் என்பார்கள். கறையான் வெளியே தள்ளிய அடைத் துகள்களில் இது முளைப்பதால் நீண்ட வேர் இருக்காது. முக்கிய அடையாளமே இல்லாததால், பரம்பரையாக எடுத்துப் பழகியவர்களோடு போகாமல் இதை எடுக்க வேண்டாம்.

வித்துத்தூள் பார்க்கும் முறை

இதற்குச் செலவு எதுவும் இல்லை. முதிர்ந்த ஒரு காளானின் தண்டைக் குடையோடு ஒட்ட வெட்டுங்கள். பாதி வெள்ளை, பாதி கறுப்பாக உள்ள தாளில் மடிப்புப் பக்கம் கீழே இருக்கும்படி குடையை வையுங்கள். ஒரு டம்ளரைக் கவிழ்த்து மூடி, காற்றுப் படாமல் இரவு முழுக்க விடுங்கள். காலையில் தாளில் தூள் கோலம் போட்டதுபோல் படிந்திருக்கும். வெள்ளைத் தூள் கறுப்புத் தாளில் தெரியும், மற்ற நிறம் வெள்ளைத் தாளில் தெரியும்.

புற்றுக்காளானுக்கும் வைக்கோல் காளானுக்கும் இளஞ்சிவப்பு. அமானிட்டாவுக்கு வெள்ளை. பச்சை விழுந்தால் கட்டாயம் நச்சு. ஒரு காளானை ஒதுக்குவதற்குத்தான் இந்தச் சோதனை உதவும். இதை மட்டும் வைத்து எதையும் சமைக்கக் கூடாது.

அறிந்திருக்க வேண்டிய நச்சுக்காளான்கள்

பச்சைத்தூள் காளான்: புல்வெளி, மேய்ச்சல் நிலம், பள்ளி மைதானம், வீட்டுத் தோட்டம் என்று எங்கும் வரும். பெரிய வெள்ளைக் குடை, மேலே பழுப்புச் செதில்கள், தண்டில் வளையம் இருக்கும். பார்க்க அழகாகவும் சதைப்பற்றாகவும் இருப்பதால் ஏமாந்துபோவோம். இளசாக இருக்கும்போது மடிப்பு வெள்ளையாகத்தான் இருக்கும். முதிர்ந்த பிறகுதான் பச்சை கலந்த சாம்பல் நிறமாகும். சாப்பிட்ட 1 முதல் 3 மணி நேரத்தில் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். குழந்தைகளும் முதியவர்களும் உடம்பில் நீர் வற்றி ஆபத்தான நிலைக்குப் போய்விடுவார்கள்.

அமானிட்டா: மர வேர்களோடு கூட்டுச் சேர்ந்து வளர்வதால் மரங்களின் அடியில் முளைக்கும். வெள்ளை மடிப்பு, வெள்ளைத் தூள், தண்டில் வளையம், அடியில் கிண்ணம் போன்ற உறை. இந்த உறை மண்ணுக்குள் புதைந்திருக்கும். தண்டை ஒடித்து எடுத்தால் உறை மண்ணிலேயே தங்கிவிடும். தோண்டி எடுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். இந்தக் குடும்பத்தில் எல்லாமே கொல்லும் என்பதில்லை. ஆனால், கொல்லும் வகைகளில் ஒரே ஒரு காளான் ஓர் ஆளின் உயிரை எடுக்கப் போதும்.

சிறு குடைக்காளான்கள்: லெபியோட்டா என்ற இனம். குடையில் செதில் இருக்கும், உருவத்தில் சிறியவை. இவற்றில் சிலவற்றிலும் அமடாக்சின் உண்டு. இவை வளர மரவேர் தேவையில்லை. “எங்க ஊரில் காடே இல்லை, எங்களுக்கு என்ன பயம்?” என்று சமவெளிக்காரர்கள் இருந்துவிட முடியாது.

சிறு பழுப்புக் காளான்கள்: இனோசைப் என்ற இனம். கூம்புக் குடையில் நார் நாராகக் கீற்றுகள் இருக்கும். சாப்பிட்டுச் சில நிமிடங்கள் முதல் 2 மணி நேரத்துக்குள் வியர்வை கொட்டும், எச்சில் ஒழுகும், கண்ணில் நீர் வடியும், நாடித்துடிப்பு குறையும்.

மையாகும் காளான்கள்: குடை முதிர்ந்ததும் கறுப்பு மையாகக் கரைந்துவிடும். இவற்றில் ஒரு வகையைச் சாப்பிட்டவர் மது அருந்தினால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும். சாப்பிட்டு 2, 3 நாள் கழித்துக் குடித்தாலும் இது நடக்கலாம்.

நாள் கழித்துக் கொல்லும் நஞ்சு

2022 ஏப்ரல் மாதம் அசாம் மாநிலத்தின் மேல்பகுதி மாவட்டங்களில் காட்டுக்காளான் சாப்பிட்ட 13 பேர் சில நாட்களுக்குள் இறந்தார்கள். பெரும்பாலோர் தேயிலைத் தோட்டப் பகுதிகளைச் சேர்ந்தவர்கள். வழக்கமாகக் காளான் எடுத்துச் சமைக்கும் மக்கள்தான் அவர்கள்.

அமடாக்சின் நஞ்சு வேலை செய்யும் விதம் தெரிந்தால் இப்படி நடப்பது ஏன் என்று புரியும். சாப்பிட்டு 6 முதல் 24 மணி நேரம் வரை ஒன்றுமே தெரியாது. இரவு சாப்பிட்டவர் காலையில் வேலைக்குக் கிளம்புவார். பிறகு காலரா போல வாந்தி, பேதி. ஒரு நாள் கழித்து அது நின்றுவிடும். குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு, “சரியாயிடுச்சு” என்று வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அந்த நேரத்தில் நஞ்சு கல்லீரல் செல்கள் புரதம் தயாரிப்பதைத் தடுத்து, அவற்றை அழித்துக்கொண்டிருக்கும். மூன்றாம், நான்காம் நாளில் மஞ்சள் காமாலை தெரியும். அடுத்துச் சிறுநீரகமும் கெடும். அதற்குப் பிறகு பெரிய மருத்துவமனைக்குப் போனாலும் காப்பாற்றுவது கடினம்.

ஆகவே, ஒரு கணக்கை நினைவில் வையுங்கள். சாப்பிட்டு 6 மணி நேரத்துக்கு மேல் கழித்து வாந்தி, பேதி தொடங்கினால், சீக்கிரம் தொடங்கியதைவிட அதற்கு அதிகம் பயப்பட வேண்டும்.

சந்தேகம் வந்தவுடன் செய்ய வேண்டியவை:

• 108-க்கு அழையுங்கள். கல்லீரல் சிகிச்சை வசதியுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போவது நல்லது.

• ஒருவருக்குத் தொல்லை வந்தாலும், சேர்ந்து சாப்பிட்ட எல்லோரும் போங்கள். குழந்தைகளை முதலில் கொண்டு போங்கள்.

• மிச்சமுள்ள காளான், குழம்பு, வெட்டிப் போட்ட கழிவு எதுவானாலும் காகிதப் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.

• எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு வாந்தி தொடங்கியது என்பதைச் சொல்லுங்கள். மருத்துவருக்கு இது மிக முக்கியமான துப்பு. “காளான் சாப்பிட்டோம்” என்பதை மறைக்காதீர்கள்.

• உப்புத் தண்ணீர், சாணிக்கரைசல், புளிக்கரைசல் கொடுத்து வாந்தி எடுக்கவைக்காதீர்கள். வாந்தி நின்றுவிட்டது என்று மருத்துவர் சொல்லாமல் வீடு திரும்பாதீர்கள்.

நல்ல காளானும் கெடுதல் செய்யும்

கறையான் தொல்லைக்காகக் குளோர்பைரிபாஸ் போன்ற மருந்து ஊற்றிய புற்றில் வரும் காளானை எடுக்கக் கூடாது. களைக்கொல்லி தெளித்த வரப்பு, சாலையோரம், சாயக்கழிவு, சாக்கடை ஓடும் இடங்களிலும் வேண்டாம். காளான் மண்ணிலுள்ள கன உலோகங்களை எளிதில் உறிஞ்சிக்கொள்ளும்.

எடுத்ததை நெகிழிப் பையில் அடைத்தால் வேர்த்து அழுகும். மூங்கில் கூடை, துணிப்பை நல்லது. அன்றே சமைத்துவிடுங்கள். வகை கலக்காதீர்கள். பச்சையாகத் தின்னக் கூடாது. முதன்முதலாகச் சாப்பிடுபவர்கள் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். சமைக்காத ஒரு முழுக் காளானைக் காகிதத்தில் சுற்றி இரண்டு நாள் வைத்திருங்கள்.

புற்றில் வந்த எல்லாவற்றையும் பறிக்காமல் நன்றாக விரிந்த சிலவற்றை விட்டு வையுங்கள். அடை வரை தோண்டிப் பார்ப்பது ஒரு காளானுக்குப் போதும். புற்றையே வெட்டிப் போட்டால் அடுத்த வருடம் அங்கே காளான் இல்லை.

வாசகர் கேள்விகள்

கேள்வி: கைப்பேசியில் படம் எடுத்தால் காளான் பெயர் சொல்லும் செயலிகள் வந்துவிட்டன. நம்பலாமா? (திண்டுக்கல் மாவட்ட வாசகர்)

பதில்: பெயர் தெரிந்துகொள்ளும் ஆர்வத்துக்குச் சரி. உலையில் போடுவதற்கு ஆதாரமாகாது. மண்ணுக்குள் இருக்கும் வேரும் உறையும், வித்துத்தூளின் நிறமும் படத்தில் தெரியாது. எனக்குப் படம் அனுப்புபவர்களுக்கும் நான் சொல்வது இதையேதான்.

கேள்வி: புற்றுக்காளானை வீட்டிலேயே வளர்க்க முடியுமா? விதை கிடைக்குமா? (ஈரோடு மாவட்ட வாசகி)

பதில்: கறையானின் பராமரிப்பு இல்லாமல் இது குடை விடுவதில்லை. வணிக முறையில் வளர்க்கும் வழி நம் விவசாயிகளிடம் இன்னும் வரவில்லை. ‘புற்றுக்காளான் விதை’ என்று யாராவது விற்றால் ஏமாறாதீர்கள். வீட்டுத் தேவைக்கும் வருமானத்துக்கும் பால் காளானும் சிப்பிக் காளானும் இருக்கின்றன. வெப்பமான மாவட்டங்களுக்குப் பால் காளான் பொருந்தும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஏ.பி.கே. 2 ரகம் அந்த வகைதான். உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தில் பயிற்சி பற்றிக் கேளுங்கள்.

கேள்வி: சிப்பிக் காளான் படுக்கையில் மெல்லிய தண்டோடு வேறு காளான் முளைத்து, மறுநாளே கறுப்பாகக் கரைந்துவிடுகிறது. சேர்த்துப் பறித்து விற்கலாமா? (விழுப்புரம் மாவட்ட வாசகர்)

பதில்: கூடாது. அது மையாகும் காளான், உங்கள் படுக்கையில் வந்த களை. குடை கரைவதற்கு முன்பே பிடுங்கிப் புதைத்துவிடுங்கள். வைக்கோல் சரியாக வேகாததும் ஈரம் அதிகமானதும் பெரும்பாலும் காரணம். காய்ந்த, புது வைக்கோலை 4 முதல் 5 மணி நேரம் ஊறவைத்து, பிறகு ஒரு மணி நேரம் வெந்நீரில் வேகவையுங்கள். பிழிந்தால் நீர் சொட்டக் கூடாது, கையில் ஈரம் மட்டும் தெரிய வேண்டும். அந்தப் பதத்தில் படுக்கை போடுங்கள்.

கேள்வி: சந்தையில் காட்டுக்காளான் விற்கிறார்கள். வாங்கலாமா? (நாமக்கல் மாவட்ட வாசகி)

பதில்: வேரோடு, முழுசாக, ஒரே வகையாக இருந்து, எங்கே எடுத்தது என்று விற்பவர் சொல்லி, அவர் உங்களுக்குப் பழக்கமானவராகவும் இருந்தால் யோசிக்கலாம். குடையை மட்டும் வெட்டிக் கூறு கட்டியிருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

இந்த மழைக்காலத்தில் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ஊரில் காளான் எடுத்துப் பழகிய மூத்தவர் ஒருவர் கட்டாயம் இருப்பார். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அவரோடு போங்கள். ஒரு புற்றுக்காளானையாவது அடை வரை தோண்டிக் காட்டச் சொல்லுங்கள். அதைப் பார்த்த பிள்ளை, மைதானத்துப் புல்லில் முளைத்த வெள்ளைக் குடையைப் பறித்து வீட்டுக்குக் கொண்டு வராது.